தாய்மாமன் வண்டியின் நாலு டயர்

எனக்கு மாசாணத்தைப் பிடிக்காது. அவனிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, அதுதான் காரணம். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், யார் கூப்பிட்டாலும் வருவான். என் தங்கச்சி சின்னத்தாயியைச் சூலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் புருஷனுக்குத் தம்பி இவன். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அதனால் அந்த வீட்டில் பேச்சு பூராவும் மாசாணத்தைப் பற்றித்தான். தங்கச்சி போன் போட்டால் "சாப்ட்டீங்ளாங்ணா" என்பாள். அடுத்த வாயிலேயே "எங்க மாசாணம் இருக்குதுங்ளே..." என்று ஆரம்பித்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

நான் சென்னியப்பன். அவிநாசி கார் ஸ்டாண்டில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். ஊட்டி மலை, வால்பாறை மலை எல்லாம் எனக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. சொந்தமாக ஒரு சில்வர் கலர் கார் வாங்கி நிறுத்தினேன். இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனி, அதே கலரில் மாசாணம் ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினான். ஊரில் வேறு கலரே இல்லையா? கேட்டதற்கு, "உங்க வண்டியப் பாத்துத்தானுங் மச்சான் ஆசப்பட்டேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பையும் எனக்குப் பிடிக்காது.

அவனுடைய கதை பெரிய கதை இல்லை. அப்பனும் ஆத்தாளும் தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். இவன் பத்தாவது முடித்ததும் தறிக்குடோனுக்குள் நுழைந்தான். முதலில் எடுபிடி, அப்புறம் தறி ஓட்டினான், இப்போது ஃபிட்டர். பாவு நூல் தளர்ந்தால் துணி கெட்டுவிடும், இறுகினால் நூல் அறுந்துவிடும். நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் விரலால் அழுத்திப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது அவனுக்கு. மாம்பழத்தை அழுத்துவான், தலையணையை அழுத்துவான். ஒரு நாள் என் தட்டில் இருந்த இட்லியை அழுத்திப் பார்த்துவிட்டு, "சித்த கெட்டியா இருக்குதுங்" என்றான். என் தட்டில்!

கார் வாங்கின வருஷமே முன் டயர் இரண்டும் ஓரத்தில் மட்டும் மொட்டையாகிவிட்டன. நடுவில் மேடுபள்ளப் பட்டன் அப்படியே இருக்கிறது. டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "காத்துக் கம்மியா ஓட்டீருக்கீங்க" என்று சொல்லியிருக்கிறார். வாரா வாரம் பெட்ரோல் பங்கில் காற்றடித்தவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே டயரைக் கொண்டுபோய் மூன்று பங்கில் காட்டியிருக்கிறான். மூன்றும் மூன்று நம்பர் சொன்னதாம்.

"ட்யூபத் தரையில போட்டு அது மேலயே வண்டிய ஏத்தறாங்க மச்சான். அந்த மீட்டரு முள்ளு எப்படிங் நெசஞ் சொல்லும்?" என்று என்னிடமே கேட்டான். இருபது வருஷமாகப் பங்கில் காற்றடிக்கிற என்னிடம்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். உக்கடத்துப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உள்ளங்கை அகலத்தில் காற்றை அளக்கிற கேஜ் ஒன்று வாங்கினான். கூடவே காலால் மிதித்துக் காற்றடிக்கிற பம்பு ஒன்று. அவ்வளவுதான் செலவு. நைட்ரஜன் அடித்துக்கொள்ளுங்கள் என்று எவனோ சொன்னதற்கு, "நாம உடற மூச்சுலயே முக்காவாசி அதுதானுங்ளே, அதுக்கு எதுக்கு நான் தனியாக் காசு குடுக்கோணும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். கஞ்சன். ஆனால் அதைக் கேட்டு என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எத்தனை ஜோக் சொல்லியிருக்கிறேன், அப்படிச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். வண்டி ஓரடி நகரக்கூடாது. வெயில் டயரில் விழக்கூடாது. அதற்கு முன்னால் அவன் குத்த வைத்து உட்கார்ந்துவிடுவான். வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கேஜை நேராக வைத்து அழுத்துவான். உஸ்ஸென்று சத்தம் வந்தால் அந்த நம்பரை ஒத்துக்கொள்ள மாட்டான், மறுபடி அழுத்துவான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் போட்டிருக்கிற நம்பர்தான் அவனுக்கு வேதம். முப்பத்துமூன்று என்றால் முப்பத்துமூன்று. ஆள் நிறைய ஏறினால் பின்னால் மட்டும் முப்பத்தாறு. குறைந்தால் பம்பை மிதிப்பான். கடைசியில் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்து, காற்று கசிந்து முட்டை விடுகிறதா என்று பார்ப்பான். டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியையும் விட மாட்டான். "அது தூங்கற சாமி மச்சான். கூப்படறப்ப எந்திரிச்சு வரோணுமில்லீங்" என்பான். கொஞ்ச நாளில் அந்த வீதியிலிருக்கிற கார்க்காரர்கள் எல்லாம் "மாசாணம், நம்ம வண்டியையும் பாத்துருப்பா" என்று சாவியை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் வண்டிக்கு நாலு டயரிலும் நாற்பதுதான். டூரிஸ்ட் வண்டியென்றால் டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் மைலேஜ் கிடைக்கும் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். எவனும் குறை சொன்னதில்லை, என் தங்கச்சியைத் தவிர.

தங்கச்சி மகள் யுவஸ்ரீக்குக் காதுகுத்து வைத்தார்கள். சென்னிமலை முருகனுக்கு மொட்டை, அங்கேயே காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அது ஊருக்கே தெரிந்த வழக்கம். எங்கள் குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. குழந்தையைத் தாய்மாமன்தான் தன் வண்டியில் கூட்டிப்போக வேண்டும். என் மாமன் வாடகைக்கு அம்பாசடர் பிடித்து என்னைக் கூட்டிப்போனார். நான் சொந்தக் கார் வைத்திருக்கிறேன். அதற்காகவே புது சீட் கவர் போட்டேன். தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, பழத்தட்டு எல்லாம் தயார். அப்போது போன் வந்தது.

"அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்ளா?"

"சொல்லு கண்ணு."

"பாப்பா மாசாணத்து வண்டியில வரட்டுமுங்ளா? உங்க வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுங்ணா. போன தடவ அவிநாசியில இருந்து வாரப்ப குடிச்ச பாலப் பூராவும் கக்கிப்போட்டா."

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் தங்கச்சிக்கு அது கொழுந்தன் பக்கமாக அல்லவா ஆடுகிறது! சொந்தம், ஒறம்பரை அத்தனை பேர் பார்க்க என் மருமகள் இன்னொருத்தன் வண்டியில் வந்து இறங்குவாள். நான் பின்னால் வெறும் பழத்தட்டை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். "நேர்ல வந்து பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டேன்.

விட்டுவிடுவேனா? பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் டிஜிட்டல் கேஜ் வாங்கினேன். முள்ளும் கிடையாது, கிள்ளும் கிடையாது. அழுத்தினால் பளிச்சென்று நம்பர் வரும். மாசாணத்தின் காற்று என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சீர்த்தட்டோடு சூலூர் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். மாசாணமும் அப்போதுதான் திருப்பூரிலிருந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியை என் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினான். வாசலில் தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மாமியார், எனக்கு அத்தை முறை, பக்கத்தில் நின்றார். பந்தல்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். இதைவிடத் தோதான நேரம் எனக்குக் கிடைக்காது.

"மாப்ள, உன்ற வண்டியில காத்து எத்தன?"

"முப்பத்துமூணுங் மச்சான்."

"அத்தன டயரும்?"

"அத்தனையும்."

குத்த வைத்து டிஜிட்டல் கேஜை அழுத்தினேன். முப்பத்தேழு! அடுத்த டயர் முப்பத்தேழு. பின்னால் இரண்டும் அதே. எழுந்து எல்லோருக்கும் நம்பரைக் காட்டினேன்.

"ஓடி வந்த சூடுங் மச்சான்," என்றான் மாசாணம். "டயர் சூடானா உள்ள இருக்கற காத்தும் சூடாயிரும், நம்பர் ஏறிக்கும். காலைல ஆறுனதுக்கப்பறம் பாருங், செரியா இருக்கும்."

"ஏனப்பா, இருபது வருசமா ஸ்டியரிங் புடிக்கறவன் நானு. எனக்கே காத்துக்குக் காச்சலடிக்கற கதையச் சொல்றியா?"

பந்தல்காரர்கள் சிரித்தார்கள். அத்தை என் கையிலிருந்த கேஜை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்பரு பொய் சொல்லுமா மாசாணம்?" என்றார். பெற்ற தாயே சொல்லிவிட்டாள். எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்! அத்தோடு விட்டேனா? "நானே செரி பண்ணிக் குடுக்கறேன்" என்று அவன் வண்டியின் நாலு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். முப்பத்துமூன்று வந்ததும் நிறுத்தினேன். அவன் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னான். அப்புறம் தலையைச் சொரிந்துகொண்டு நின்றான்.

அடுத்து என் வண்டி. அவிநாசியிலிருந்து ஓடி வந்த சூட்டில் நாற்பத்துநாலு காட்டியது. அதையும் முப்பத்துமூன்றுக்கு இறக்கினேன். "பாத்துக்க சின்னத்தாயி, இனி உன்ற அண்ணன் வண்டி தூக்கிப் போடாது. ரெண்டு வண்டியும் ஒரே நம்பரு. இப்ப பாப்பா யாரு வண்டியில வருது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள், மாசாணத்தைப் பார்த்தாள். "உங்க வண்டியிலதானுங்ணா, தாய்மாமன் வண்டிதானுங் மொற" என்றாள். ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாசாணத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் எழும்போதே காதில் புஸ் புஸ்ஸென்று சத்தம். கால் பம்பு. போகட்டும், அவன் வண்டிக்கு மிதித்துக்கொள்கிறான், மனசு ஆறட்டும் என்று படுத்திருந்தேன். சத்தம் நிற்கவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால், அவன் மிதித்துக்கொண்டிருந்தது என் வண்டிக்கு.

"ஏய்! என்ற வண்டியில உனக்கென்ன வேல?"

அவன் எழுந்திருக்கவில்லை. "உங்க கேஜ எடுத்துட்டு வாங் மச்சான்" என்றான்.

கொண்டுவந்தேன். அவன் இன்னும் தொடாத பின் டயர் ஒன்றில் வைத்து அழுத்தினேன். இருபத்தெட்டு. எடுத்து ஊதிவிட்டு மறுபடி அழுத்தினேன். இருபத்தெட்டு. அவனுடைய முள் கேஜை வைத்தான். அதுவும் அங்கேயேதான் நின்றது. நேற்றுப் பார்த்த முப்பத்துமூன்று ராத்திரியோடு எங்கே போனது என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினது இன்னும் எரிச்சலாக இருந்தது. விளங்காமலாவது இருந்திருக்கலாம்.

"நீங்க சூட்டுல எறக்குனீங்க, ஆறுனதும் இங்க வந்து நின்னுக்குச்சு. இந்தக் காத்துல வண்டி நெறைய ஆள ஏத்திட்டு மலையேறுனா டயர் மடங்கிக்குமுங். பாப்பா இருக்குதில்லீங்." அவன் பம்பு ட்யூபை அந்த வால்வில் மாட்டினான். "நீங்க போய்க் குளிங். முன்னால முடிஞ்சுது. பின்னால முப்பத்தாறு வெக்கறேன்."

என்ன சொல்வது? நன்றி சொல்லவா? அவன் மிதிக்கிற அழகைப் பார்த்தேன், அதிலும் ஒரு குறை இல்லை. அவன் வண்டிக்கு ஏற்கெனவே மிதித்து முடித்துவிட்டிருந்தான். "இத ஆருகிட்டயும் சொல்லீராத" என்றேன். "எதுக்குங் சொல்றேன்?" என்றான். அதை ஒரு கெட்ட முகத்தோடாவது சொல்லக்கூடாதா இந்தப் பாவி?

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். என் வண்டியில் தங்கச்சி, மாப்பிள்ளை, அத்தை, குழந்தை. பின்னால் மாசாணம் தன் வண்டியில் ஒறம்பரைகளை ஏற்றிக்கொண்டு வந்தான். பல்லடம் தாண்டினோம், காங்கயம் தாண்டினோம். வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது. என் வண்டி அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. வேகத்தடை மேல் ஏறி இறங்கியும் குழந்தை முழிக்கவில்லை. தாய் மடியில் வாயைப் பிளந்து தூங்கினாள். அத்தை, "தாய்மாமன் ஓட்டுனா ஓட்டறதுதான்" என்றார். தங்கச்சி குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அந்தச் சில்வர் வண்டி சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கிடைக்கிற மெச்சலெல்லாம் அவன் கால் மிதித்தது. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

மலை மேல் மொட்டை முடிந்தது. சந்தனம் பூசின தலையோடு குழந்தையை என் மடியில் வைத்தார்கள். காது குத்துகிற பத்தர் ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தியதும் குழந்தை போட்ட சத்தத்தில் கோயில் குரங்குகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் "மாமன் இருக்கறேன் சாமி, மாமன் இருக்கறேன்" என்கிறேன். அவள் இரண்டு கையையும் நீட்டி, "தித்தப்பா! தித்தப்பா!" என்று கத்துகிறாள். மாசாணம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். முன்னால் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் முடிந்து தங்கச்சி குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். அத்தை அங்கேயும் வந்து, வண்டி மெத்தை மாதிரி இருந்தது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும் நிறுத்தச் சொல்லு உங்க அத்தைய," என்றேன் தங்கச்சியிடம். "அந்தக் காத்து நான் புடிச்சதில்ல. காலைல உன்ற கொழுந்தன் மிதிச்சது. நான் எறக்குனது தப்பு, போதுமா?"

"தெரியுமுங்ணா" என்றாள்.

"தெரியுமா? சொல்லமாட்டேன்னு சொல்லிப்போட்டு உங்கிட்ட ஒப்பிச்சுட்டானா?"

"மாசாணம் ஒண்ணுஞ் சொல்லுலீங். நேத்தே நாந்தான் சொன்னேன். அண்ணன் வெயிலோட எறக்கீருச்சு, பாப்பா அண்ணன் வண்டியிலதான் வரோணும், காலைல நீ அதப் பாத்து வெச்சுரு தம்பின்னேன்."

"அப்ப நேத்து நான் நம்பரக் காட்டறப்பவே..."

"ரெண்டு வருசமா அது வாசல்ல காத்துப் பாக்கறதப் பாத்துட்டுத்தானுங் இருக்கறேன். சூட்டுல பாக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்ளா?" அவள் குழந்தையின் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் வாங்கின தோடு. "அத்தன பேரு முன்னால உங்கள எப்படிங்ணா உட்டுக்குடுப்பேன்?"

நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே ஊர் தெரிந்தது. நான் நாலு பேர் முன்னால் மாசாணத்தைச் சிறுமைப்படுத்தினேன். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

திரும்பும்போது குழந்தை சித்தப்பாவிடம் தாவிவிட்டாள். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். "வாரப்ப தாய்மாமன் வண்டி. போறப்ப அவன் வண்டியில போகட்டும், போ" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். மாசாணம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "டயரு இப்ப சூடா இருக்குமுங் மச்சான், எதையும் தொட்டுறாதீங்" என்றான்.

"தெரியும் போடா" என்றேன்.

அத்தையும் காலிச் சீர்த்தட்டுகளும் என் வண்டியில். மாசாணத்தை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் ஓட்டினேன். சூலூர் வரைக்கும் ஒரு இடத்திலும் முந்தவில்லை. வழியெல்லாம் அவனுடைய பின் டயர் இரண்டையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒன்றாவது கொஞ்சம் அமுங்கியிருக்கிறதா என்று. இல்லை. பாழாய்ப்போனவன், இரண்டையும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தான்.